மஞ்சள் குடித்த க்யூ

மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் துடைத்தால் என்ன ஆகும்?

இந்நேரம் உங்களில் பாதிப் பேர் கையைத் தூக்கியிருப்பீர்கள். பள்ளிக்கூடத்தில் செய்து பார்த்திருப்பீர்கள். நான் பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் டர்னர் வேலை படிக்கப் போனவன். எனக்கு இது போன விஜயதசமி காலையில்தான் தெரிந்தது. அதுவும் என் மகளின் க்யூவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது.

க்யூ என்பது பூல் மேசையில் பந்தை இடிக்கிற நீளக் கம்பு. எங்கள் கயலை நீங்கள் இந்தப் பக்கத்தில் முன்பே பார்த்திருக்கிறீர்கள். இப்போது ஒன்பதாம் வகுப்பு. ஞாயிறு காலையில் புனேயில் நாங்கள் இருக்கிற தாபோடியிலிருந்து மெட்ரோ ஏறி, இறங்கி ஆட்டோ பிடித்து, கேம்ப்பில் ஒரு மாடி ஹாலுக்கு பூல் விளையாடப் போகிறாள். துணைக்கு நான். அவள் ஆடுவாள். நான் பெஞ்சில் உட்கார்ந்து, பந்து போகிற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருப்பேன்.

அந்த ஹாலில் எல்லாருக்கும் பொதுவான க்யூக்கள் சுவரில் சாத்தியிருக்கும். ஒன்று வளைந்திருக்கும். இன்னொன்றுக்கு நுனித் தோல் தேய்ந்திருக்கும். அதனால் யாரோ ஆடி விட்ட ஒரு பழைய க்யூவைக் கயலுக்கென்று வாங்கினோம். இரண்டு பாதி, நடுவில் திருகு. நல்ல நேரான மரம். ஆனால் ஒரு குறை...

"அப்பா, இது ரொம்ப சிக்கட்டா இருக்குங்கப்பா" என்றாள்.

'சிக்கட்' என்றால் மராத்தியில் பிசுபிசுப்பு. எங்கள் வீட்டுத் தமிழில் இப்படி நிறைய வார்த்தைகள் வாடகைக்கு இருக்கின்றன. அவள் சொன்னது சரிதான். க்யூவின் மேல்பாதி, இடது கை விரல்களுக்கு நடுவே வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். பழைய பூச்சு, பல பேருடைய கை எண்ணெய், புனே மழைக்காலத்து ஈரம் மூன்றும் சேர்ந்து, விரலில் ஒட்டி ஒட்டி வந்தது. பந்தைக் குறி பார்த்து இழுத்தால், கம்பு ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கிளம்பியது!

நவராத்திரி முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை, வெளியூர் ஆட்டத்துக்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கப் போவதாக ஹாலில் சொல்லியிருந்தார்கள். அதற்குள் அந்தப் பூச்சை எடுத்துவிட்டுப் புதுப் பூச்சு போட்டுத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். கயலுக்கு அரை மனதுதான். "மெலிசாக்கிடாதீங்கப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. க்யூவின் நுனியில், தோலுக்குக் கீழே மூடி மாதிரி ஒரு வெள்ளைக் குப்பி இருக்கும். குப்பியும் மரமும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். மரத்தை அதிகமாகத் தேய்த்தால் அந்த இடத்தில் படிக்கட்டு மாதிரி ஆகிவிடும். விரல் இடறும். தேய்த்த மரத்தை மறுபடி ஒட்டவைக்க முடியுமா?

பூச்சைக் கழற்றுவதற்கு முன், அது என்ன பூச்சு என்று தெரிய வேண்டும் அல்லவா? திருகுக்குப் பக்கத்தில், கண்ணில் படாத இடத்தில் சோதித்துப் பார்த்தோம். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு வைத்தேன். அசையவில்லை. என் மனைவி செல்வியின் நெயில் பாலிஷ் எடுக்கிற திரவத்தைத் தொட்டு வைத்தேன். பூச்சு வெல்லப்பாகு மாதிரி இளகியது. அப்படியானால் இது லேக்கர், தின்னருக்குக் கரையும். சில பூச்சு எதற்கும் மசியாது, உப்புத்தாள்தான் வழி. எங்களுக்கு அதிர்ஷ்டம்.

பால்கனிக் கதவைத் திறந்து வைத்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, தின்னர் நனைத்த துணியால் உருவி உருவி எடுத்தேன். தின்னர் உங்கள் கைக்கான சாமான் இல்லை. கயலையே நான் தள்ளி உட்கார வைத்துவிட்டேன். துணி கறுத்துக்கொண்டே வந்தது. கம்பு வெளுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் மிக நைசான உப்புத்தாளால், மரத்தின் ரேகை ஓடுகிற திசையிலேயே லேசாக ஒரு தடவல். அவ்வளவுதான். உள்ளே இருந்த மரத்தைப் பார்க்க வேண்டுமே... பால் நிறம்! கயல் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

புதுப் பூச்சு போடுவதற்குள் சரஸ்வதி பூஜை வந்துவிட்டது.

பிம்ப்ரியில் எங்கள் ஃபேக்டரியில் காலையிலேயே மெஷின்களுக்குச் சாமந்தி மாலை போட்டுப் பூஜை. இங்கே அதற்கு 'கண்டே நவமி' என்று பெயர். சாயங்காலம் வீட்டில் எங்கள் பூஜை. கயலின் புத்தகங்கள், ஃபேக்டரியில் நான் அளவெடுக்கிற வெர்னியர், செல்வியின் கத்தரிக்கோல் எல்லாம் வரிசையாக வைத்தோம். கயலின் ஆயுதம் என்ன? க்யூ அல்லவா? நானே என் கையால் அதை எடுத்து வெர்னியருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

செல்வி மஞ்சளைக் குழைத்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க, பெயின்ட் காஞ்சுதுங்களா? பொட்டு வெக்கலாமா?"

"அதுல பூச்சே இல்ல செல்வி. தாராளமா வை. கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமே இல்ல."

குழந்தைகளே, இந்த வாக்கியத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். தப்பு எங்கே என்று தெரிகிறதா?

செல்வி கம்பின் நடுவில், ஈர மஞ்சளைக் கட்டைவிரல் அகலத்துக்கு அப்பி, அதன் மேல் குங்குமம் வைத்தாள். கற்பூரம் காட்டினோம். சுண்டல் சாப்பிட்டோம். கொஞ்ச நேரம் கழித்துக் கயல் குனிந்து பார்த்துவிட்டு, மஞ்சள் பொட்டை விட்டு வெளியே பரவுகிறது என்றாள். எழுந்து துடைக்கப் போனேன். செல்வி விடவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை முடிகிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அது எங்கள் வழக்கம். அவள் சொன்னது நியாயம்தான். எனக்கும் துணிச்சல் இல்லை.

ஆக, ராத்திரி முழுக்க அந்த மரம் மஞ்சள் குடித்தது.

காலையில் மறுபூஜை முடிந்ததும் பொட்டைத் துடைத்தேன். பொட்டு வந்துவிட்டது. மஞ்சள் வரவில்லை. மாம்பழத் துண்டு மாதிரி ஒரு கறை, நடுவில் சிவப்புப் புள்ளி. பதற்றத்தில் என்ன செய்தேன்? சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அழுத்தித் தேய்த்தேன்.

கறை மஞ்சளிலிருந்து செக்கச்செவேல் என்று மாறியது. வெற்றிலை போட்ட வாய் மாதிரி!

அதோடு போயிற்றா? ஈரம் பட்டதும் மரத்தின் மெல்லிய நார்கள் உப்பி எழுந்துவிட்டன. கண்ணாடியாக இருந்த இடம் பூனையின் நாக்கு மாதிரி சொரசொரப்பாகிவிட்டது.

கயல் க்யூவின் கீழ்ப்பாதியை மட்டும் எடுத்து உறையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். திட்டியிருந்தால் பரவாயில்லை. அந்த ஜிப் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து, நாங்கள் 'காகு' என்று கூப்பிடுகிற எதிர்வீட்டு மராத்தி அத்தை தசராவுக்கு ஆப்டா இலை கொடுக்க வந்தார். இங்கே அந்த இலையைத் தங்கம் என்று சொல்லி ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். காகு என் கையில் இருந்த கம்பைப் பார்த்தார். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்கு மஞ்சள் பூசுவது மராத்திக்காரர்கள் வழக்கம். "இதுக்கு ஹளத் பூசியாச்சு போலிருக்கே, மாப்பிள்ளை எந்த ஊரு?" என்று மராத்தியில் கேட்டார். செல்வி சிரித்துவிட்டாள். கயல் சிரிக்கவில்லை. ஆனால் உறையைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

"எப்படிங்கப்பா சிவப்பாச்சு?"

பாருங்கள்... கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும், இதைத் தெரிந்துகொள்ளாமல் எப்படி? சோப்பில் இருக்கிற காரம் மஞ்சளைச் சிவப்பாக்கும், புளிப்பு பட்டால் திரும்ப மஞ்சளாகும் என்று அவளே யோசித்துச் சொன்னாள். பள்ளியில் படித்ததாம். எலுமிச்சம்பழத்தை ஒரு சொட்டு தொட்டு வைத்தாள். சிவப்பு பின்வாங்கி மஞ்சள் வந்தது. இரண்டு பேரும் வாயைப் பிளந்து பார்த்தோம். நல்ல வேடிக்கைதான். ஆனால் கறை போகவில்லையே! ஞாயிற்றுக்கிழமை வந்துகொண்டே இருந்தது.

உப்புத்தாளை எடுத்தேன். கயல் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? கறை முடிகிற வரைக்கும் தேய்த்தால் கம்பின் இடுப்பு ஒடுங்கிவிடும்.

அடுப்பங்கரையிலிருந்து செல்விதான் குரல் கொடுத்தாள். "வெயில்ல போடுங்க. துணியில மஞ்சக்கறை பட்டா அப்படித்தானுங்க பண்றோம்? தானா வெளுத்துப்போகும்."

வெயில் மஞ்சளை எடுக்கும், சரி. மரத்தை வளைக்காதா? அக்டோபர் மாத புனே வெயில் சாதாரண வெயிலா? இதற்கு ஒரு வழி யோசித்தோம். திருகுப் பக்கம் நூல் கட்டி, ஜன்னல் கம்பியில் செங்குத்தாகத் தொங்கவிட்டோம். படுக்க வைத்தால்தானே ஒரு பக்கமாகத் தொய்யும்? காலை இளவெயில் மட்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை திருப்பிவிடுவது கயலின் வேலை. எடுத்து, சமையல் மேடையின் கடப்பாக் கல்லில் உருட்டி, கண்ணை மட்டத்துக்குக் கொண்டுபோய், அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பாள். வளைந்திருந்தால் வெளிச்சம் எட்டிப் பார்க்கும். "நேரா இருக்கு" என்பாள். திரும்பத் தொங்கவிடுவோம்.

முதல் நாள் மாம்பழம் எலுமிச்சையானது. பிறகு வெண்ணெய் நிறம். பிறகு... எங்கே இருந்தது என்று தேட வேண்டியிருந்தது. வெயில் தின்றுவிட்டது! நீங்கள் ஒரு வெள்ளைத் துணியில் இதைச் செய்து பாருங்கள். அதற்குத் தின்னரும் வேண்டாம், அப்பாவும் வேண்டாம்.

ஆனால் குங்குமம்? அது எந்தச் சாயமோ, அசையவில்லை. நடுவில் ஒரு சின்ன ரோஜா நிறப் புள்ளி அப்படியே நின்றது. எழும்பிய நார்களை நைசான உப்புத்தாளால் ஒருமுறை வருடிவிட்டேன். சொரசொரப்பு போயிற்று, புள்ளி போகவில்லை. இன்னும் கொஞ்சம் தேய்த்தால் போய்விடும்போல இருந்தது. கயலைப் பார்த்தேன். பொட்டு வைத்த க்யூவோடு போனால் ஹாலில் மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களே என்று எனக்குத்தான் சங்கடம்.

அவள் வெள்ளைக் குப்பியும் மரமும் சேருகிற இடத்தில் விரலை ஓட்டிப் பார்த்தாள். இரண்டும் ஒரே மட்டம். "வேணாம்ப்பா, இருக்கட்டும். சிரிச்சா சிரிக்கட்டும். மெலிசாச்சுன்னா நான் தோத்துடுவேன்."

முடிந்தது பேச்சு.

மெல்லிசாக ஒரு பூச்சு. காய விட்டு, வருடி, இன்னொரு மெல்லிய பூச்சு. ஒரே தடவையில் தடிமனாகப் போட்டால் பழையபடி ஒட்டும். கடைசியில் பழுப்புக் காகிதத்தை மடித்துக் கம்பைச் சுற்றிப் பிடித்து, கை சூடாகிற வரை கயலே உருவினாள். அதன் பிறகு விரல் நடுவே விட்டுப் பார்த்தாள். சரக்கென்று ஓடியது. முகத்தில் முதல் தடவையாக ஒரு சிரிப்பு.

இத்தனை வருஷம் வார்னிஷ், பாலிஷ் எல்லாம் அழகுக்கு என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. அது மரத்துக்கு மழைக்கோட்டு. கோட்டைக் கழற்றிவிட்டு, கெட்டுப்போக ஒன்றுமில்லை என்று சொன்னேனே... கெட்டுப்போகிற நேரமே அதுதான்! எதை நாம் சுத்தமாகக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறோமோ, அதுதான் பக்கத்தில் இருப்பதை முதலில் குடிக்கும். மரத்துக்கு மட்டும்தானா இது?

ஞாயிற்றுக்கிழமை ஹாலில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு தடவை குனியும்போதும், கயல் க்யூவைக் கொஞ்சம் உருட்டி, அந்தப் புள்ளி மேலே வருகிற மாதிரி வைத்துக்கொண்டாள். எதிரே ஆடிய பெண் அது என்ன என்று கேட்டாள். 'நிஷான்' என்றாள் கயல், அடையாளம். எப்போதும் கம்பை ஒரே மாதிரி பிடிக்க உதவுகிறதாம். அந்தப் பெண் சிரிக்கவில்லை. தன் க்யூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் புள்ளி எதுவும் இல்லை!

கயல் ஒரு ஆட்டம் தோற்றாள், மற்றதில் ஜெயித்தாள். அணியில் கடைசிப் பெயர் அவளுடையது. கடைசியானால் என்ன? பெயர் இருக்கிறதே.

வீட்டுக்கு வந்ததும் செல்வி கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாள். "கண்ணு, அடுத்த வருசம் இதுக்குப் பொட்டு வெக்கட்டுமா, வேண்டாமா?"

"அதே இடத்துல வைங்கம்மா" என்றாள் கயல். "ஆனா அப்பாகிட்ட கேட்டுட்டு வைக்காதீங்க."