ஏரிக்குக் கீழே ஒரு புது வீடு

போன வாரம் மூணாறு பக்கம் சாந்தன்பாறை போயிருந்தேன். என் தங்கை ஸ்டெல்லாவின் புது வீட்டு மந்திரிப்பு. அவளும் கணவர் அருளும் இத்தனை வருஷம் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் குடியிருந்தவர்கள். இப்போதுதான் சொந்தச் சுவர்!

மறுநாள் ஃபாதர் வந்து வீட்டை ஆசீர்வதிக்க வேண்டும். நான் போய்ச் சேர்ந்தபோது பீரோ வாசலில் நிற்கிறது... வீட்டுக்குள் போக அல்ல, ஜீப்பில் ஏற!

என்ன விஷயம்?

யாரோ வாட்ஸ்அப்பில் வெள்ளைக்காரன் காலத்து சர்வே வரைபடம் ஒன்றை அனுப்பியிருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் குன்று, குன்றுக்கு அந்தப் பக்கம் ஏரி, ஏரிக்கரையில் எப்போதோ கைவிட்ட சுரங்கம் — எல்லாம் அதில் இருக்கிறது. ஏரிக்குப் பக்கத்தில் உயரம் 4000 என்று போட்டிருக்கிறது. அருள் வாசலில் நின்று போனில் வீட்டின் உயரத்தைப் பார்த்திருக்கிறார். 1250 மீட்டர்.

"தண்ணி பூரா நம்ம தலைக்கு மேல நிக்குது மச்சான். சொரங்கம் குன்னுக்கு அடியில இங்க வரைக்கும் வந்திருந்தா? ஒரு மழைக்குத் தாங்குமா?"

இந்த மலையில் மழை என்றால் யாரும் சிரிப்பதில்லை. ஸ்டெல்லா பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டின வீட்டைப் பூட்டிவிட்டு மறுபடி லயத்துக்கா?

ஊருக்கெல்லாம் புத்தி சொல்லி எழுதுகிற நான் என்ன செய்தேன்? பீரோவின் ஒரு முனையைப் பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்து அருளுக்கு போன். மூணாறில் டூரிஸ்ட் ஜீப் ஓட்டுபவர் அவர். யாரோ ட்ரிப் கேட்கிறார்கள். பழக்கதோஷம், ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டார். "ஆமா சார், கேரளாவுலயே ஒசரம் ஆனமுடிதான். ரெண்டாயிரத்து அறுநூத்தித் தொண்ணூத்தஞ்சு மீட்டரு..."

சட்டென்று நிறுத்தினார்.

"மச்சான்... ஆனமுடியே அவ்வளவுதான். அப்ப இந்த நாலாயிரம் எங்கிட்டு நிக்கும்?"

வரைபடத்தைப் பெரிதாக்கினோம். அடியோரத்தில் பொடி எழுத்து — உயரங்கள் அடிக்கணக்கில்! நாலாயிரம் அடி என்றால் ஆயிரத்து இருநூற்று இருபது மீட்டர்கூட இல்லை; வீடோ 1250-இல்.

அப்போதும் மனசு கேட்கவில்லை. மூவரும் குன்றில் ஏறினோம். இந்தப் பக்கம் எங்கள் கூரை. அந்தப் பக்கம் ஏரி, வீட்டைவிட நல்ல பள்ளத்தில், சமர்த்தாகக் கிடக்கிறது. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். அழுதாள், சிரித்தாள். அப்பாடா என்றிருந்தது எனக்கு.

பயந்தவன் கண்ணுக்கு எண் மட்டும்தான் தெரிகிறது — என்ன கணக்கில் என்று யார் பார்க்கிறார்கள்? ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைக் கையில் வாங்கும்போதும் இதே கதைதானே?

மறுநாள் ஃபாதர் அறை அறையாகத் தீர்த்தம் தெளித்தார். ஸ்டெல்லா பின்னாலேயே போனாள்.

"நல்லாத் தெளிங்க ஃபாதர்... எங்க வீட்டுக்கு மேலருந்து வர்ற தண்ணி இது ஒண்ணுதான்!"