கம்பெனி பார்க்கப் போன மாமா

நானும் என் தோழியும் கல்லூரியில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் சேர்ந்தபோது, படித்து முடித்தவர்களைக் கம்பெனிக்காரர்கள் வாசலுக்கே வந்து கூட்டிப் போனார்கள். இரண்டாயிரம் பிறந்து சில வருடம் கழித்து நாங்கள் முடித்து வெளியே வந்தோம். அப்போது வாசலில் டவுன் பஸ் மட்டும்தான் நின்றது.

வகுப்பில் பெண்கள் நாங்கள் இருவர்தான். அவள் விருதுநகரில் பருப்பும் மிளகாய் வத்தலும் மொத்த வியாபாரம் செய்யும் ராவுத்தர் வீட்டுப் பெண். நான் சிவகாசிப் பக்கம் நாரணாபுரம். அப்பா பட்டாசுக் கம்பெனியில் போர்மேன், அம்மா தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தாள். தீக்குச்சி அடுக்கும் இடத்துக்கும் எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் பெயர். அதனால் "எம் மக ஆபீஸ் வேலைக்குப் போகப்போறா" என்று அம்மா பெருமையாகச் சொன்னபோது தெருவில் யாரும் அசரவில்லை. "எந்த ஆபீஸு, வேன் அனுப்புவாகளா?" என்று மட்டும் கேட்டார்கள்.

இன்டர்வியூ எல்லாம் மதுரை, கோயம்புத்தூர், சென்னை என்று இருந்தது. போன இடத்திலெல்லாம் என் ஊரைப் பார்த்ததும் பாடத்தை விட்டுவிட்டு, தீபாவளிக்குப் பட்டாசு மலிவாகக் கிடைக்குமா என்று விசாரித்தார்கள். பதில் சொன்னேன். வேலைதான் கிடைக்கவில்லை.

இரண்டு பெண்களைத் தனியாக அனுப்பக் கூடாது என்பதில் இரண்டு வீடும் ஒரே கட்சி. பட்டாசு சீசன் நேரத்தில் என் அப்பாவால் நகர முடியாது. எனவே தோழியின் அப்பா துணைக்கு வந்தார். அவள் அவரை அத்தா என்பாள், நான் மாமா என்பேன். வெள்ளைச் சட்டை, கையில் துணிப்பை, பையில் மூன்று பேருக்கும் புளிச்சோறு.

வத்தல் மூட்டையில் மேலாக இருப்பதை அவர் பார்க்கவே மாட்டார். கையை அடிவரை விட்டு அள்ளிப் பார்ப்பவர். கம்பெனியையும் அப்படித்தான் பார்த்தார். நாங்கள் உள்ளே பரீட்சை எழுதும்போது, அவர் வாட்ச்மேனிடமும் எதிர்த்த டீக்கடையிலும் விசாரணை நடத்துவார். வெளியே வந்தால் தீர்ப்பு தயாராக இருக்கும்.

"சம்பளத்தைத் தள்ளித் தள்ளிக் குடுக்கானாம். இது வேண்டாம்."

"அத்தா, அவங்க எங்களை எடுக்கணுமே" என்பாள் தோழி.

"எடுத்தாலும் வேண்டாம்."

கம்பெனிக்காரர்கள் எங்களை வேண்டாம் என்று சொல்வதற்குள் மாமா அவர்களை வேண்டாம் என்று சொல்லிவிடுவார். அதில் எங்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது.

அம்பத்தூரில் ஒரு கம்பெனி. அச்சகங்களுக்குப் பேப்பர் வெட்டும் மெஷின் செய்கிறவர்கள். காலையில் பரீட்சை, மதியத்துக்கு மேல் இன்டர்வியூ. பரீட்சை முடிந்து வந்து பார்த்தால் மாமாவைக் காணவில்லை. வாட்ச்மேனுக்கும் தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் பட்டறைக்குள்ளிருந்து வந்தார். கூடவே டை கட்டிய ஓர் இளைஞர், "ஆர்டர் விஷயமா எப்ப வேணும்னாலும் போன் பண்ணுங்க சார்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

மரத்தடியில் புளிச்சோற்றைப் பிரித்துக்கொண்டே கேட்டேன். "மாமா, என்ன சொன்னீங்க அவர்ட்ட?"

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா. எந்த ஊருன்னு கேட்டாரு. விருதுநகரு, சிவகாசிப் பக்கம்னேன். அங்க அச்சாபீஸ் வச்சிருக்கிற பிரஸ்காரருன்னு நெனைச்சுட்டாரு போல. வாங்க, சுத்திக் காட்டுறேன்னாரு. கூப்புட்டா போகாம இருக்க முடியுமா?" ஒரு வாய் சாப்பிட்டார். "மெஷினு நல்லாத்தான் செய்யிறாக. ஆனா வித்த மெஷினு ரிப்பேருன்னா போயிப் பார்க்க ஆளு இல்லையாம். வாங்குன பார்ட்டி எல்லாம் சத்தம் போடுதாகளாம். அந்தத் தம்பியே வருத்தப்பட்டுச்சு."

இன்டர்வியூ அறையில் நரைத்த மீசையுடன் ஒரு மேனேஜர் இருந்தார். எனக்கு முன்னால் போன எல்லாரிடமும் கேட்டதையே என்னிடமும் கேட்டார். "டிசைன் செக்‌ஷன்தானே வேணும்?"

"சர்வீஸ் குடுத்தாலும் போவேன் சார்."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"வித்த மெஷினைப் போய்ப் பார்க்க ஆள் இல்லைன்னு கேள்விப்பட்டேன்."

"யார் சொன்னா?"

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமா கம்பெனி காபி குடித்துக்கொண்டிருந்தார். கையைக் காட்டினேன்.

"அவர் கஸ்டமராச்சே" என்றார் மேனேஜர்.

"இல்லை சார். எங்களுக்குத் துணைக்கு வந்தவர்."

அவர் மீசையைத் தடவிக்கொண்டு மேஜையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது. "ஊர் ஊரா அலையணும். மெஷினுக்கு அடியில படுக்கணும். முடியுமா?"

"படுப்பேன் சார்" என்றேன். அதுவரை நான் கட்டிலுக்கு அடியில்கூடப் படுத்ததில்லை.

எனக்குக் கிடைத்தது. டிசைன் என்று சொன்ன தோழிக்குக் கிடைக்கவில்லை. திரும்பும் ரயிலில் மாமா காலித் துணிப்பையை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மகளிடம், "நீயும் சர்வீஸுன்னு சொல்லிருக்கலாம்ல?" என்றார்.

"நீங்க அதைச் சொல்லும்போது நான் தண்ணி பிடிக்கப் போயிருந்தேன் அத்தா."

எனக்குச் சங்கடமாக இருந்தது. அவளோ என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். சில மாதம் கழித்து விருதுநகருக்குப் பக்கத்திலேயே ஒரு பாலிடெக்னிக்கில் விரிவுரையாளராகச் சேர்ந்தாள். அங்கேயும் மாமா முதலில் கேண்டீன்காரரைத்தான் பார்த்தாராம்.

சென்னையில் ஹாஸ்டல் பிடித்து, சீனியர்களோடு நாலு இடம் போய்ப் பழகினேன். முதன்முதலாக என்னைத் தனியாக அனுப்பினார்கள். எந்த ஊர் என்று பார்த்தால் சிவகாசி. காலண்டர் சீசனில், விஸ்வநத்தம் போகும் வழியில் ஓர் அச்சகத்தில் மெஷின் நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம்.

முதலாளி கேட்டிலேயே காத்திருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "இன்ஜினியரு பின்னால வாராகளா?" என்றார்.

"நான்தான் அண்ணாச்சி."

அவர் மெஷினைப் பார்த்தார், என் துப்பட்டாவைப் பார்த்தார். வழிவிட்டார். துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அட்டையை விரித்து அடியில் படுத்தேன். எண்ணெய் கசிந்து அழுத்தம் ஏறாமல் இருந்தது. கசிவை அடைக்கும் ஆயில் சீல் ஒன்றை மாற்ற மதியம் தாண்டிவிட்டது. கத்தி இறங்கி காலண்டர் தாள் கட்டு முழுவதையும் ஒரே வெட்டாக வெட்டியதும் முதலாளி ஓர் ஆளைக் கூப்பிட்டார். டீயோடு ரெண்டு வடையும் வாங்கிவரச் சொன்னார்.

சாயங்காலம் கிரீஸ் அப்பிய உடையோடு வீட்டுக்குப் போனேன். கம்பெனி லாட்ஜில் ரூம் போட்டிருக்கிறது என்றதும் அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"சொந்த ஊருல லாட்ஜா? ஊர் என்ன பேசும்?"

"கம்பெனி போட்டதும்மா."

"விஸ்வநத்தத்துல வேலை பார்க்கவா மெட்ராசு வரைக்கும் போனே?" என்றவள், சீயக்காயை எடுத்துக்கொண்டு என் தலையில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்க்க ஆரம்பித்தாள். அப்பா வந்து செருப்பைக் கழற்றினார்.

"மெஷினு ஓடுச்சா?"

"ஓடுச்சுப்பா."

"அந்த அச்சாபீஸ் முதலாளியை எனக்குத் தெரியும், லேசுல திருப்திப்படமாட்டாரே. என்ன சொன்னாரு?"

"வடை வாங்கிக் குடுத்தாரு."

அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அப்ப நல்லாத்தான் செஞ்சிருக்க" என்றார்.