நான்கு மூலையிலும் மஞ்சள்

எங்கள் அப்பா கனடாவில் மருந்தாளராக முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். இன்றுவரை அவருக்கு அது தெரியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. யாழ்ப்பாணத் தீவுப்பகுதி ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடம் மருந்தாளராக இருந்த அப்பா, எங்கள் ஊரான வேலணையில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறாரே என்று தானும் வேலையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போன இடத்தில் அந்தப் பதினான்கு வருடத்தை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அந்த நாட்டு அனுபவம் வேண்டுமாம். வேலை தராமல் அனுபவத்துக்கு எங்கே போவது என்று திருப்பிக் கேட்க அப்பாவுக்கு ஆங்கிலம் இருந்தது, துணிவுதான் இருக்கவில்லை. கடைசியில் கோழி வெட்டும் ஆலையில் சேர்ந்தார். முட்டைகூடத் தொடாத மனிதர்.

அதிலிருந்து தப்ப ஒரு வழி இருந்தது. அங்கே மருந்தாளர் சோதனை எழுதலாம். ஆனால் அப்பாவின் படிப்புச் சான்றிதழை, அவர் படித்த இடத்திலேயே உறையிலிட்டு ஒட்டி, ஒட்டின இடத்தில் முத்திரை குத்தி, பிரிக்காமல் அனுப்ப வேண்டும். அம்மா கொழும்புக்கு மூன்று தரம் அலைந்து அந்த உறையை வாங்கி வந்தார்.

வந்த அன்று பின்னேரமே அப்பாவின் அக்கா, எங்கள் மாமி, மஞ்சள் கிண்ணத்தோடு வந்துவிட்டார். எங்கள் வீட்டில் கலியாணக் கடிதமோ காணி உறுதியோ, நல்ல காரியத்துக்கான கடதாசி என்றால் நான்கு மூலையிலும் மஞ்சள் பூசாமல் வெளியே போகாது. அம்மா உறையைக் கொடுக்கவில்லை.

"பிரிக்கப்படாதெண்டு இவர் படிச்சுப் படிச்சுச் சொன்னவர் மச்சாள்."

"மஞ்சள் பூசாத கடுதாசி சரிவருமே? பிறகு என்னைக் குறை சொல்லாதையும்," என்று முகத்தைத் தூக்கிக்கொண்டு மாமி போய்விட்டார். கிண்ணம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது.

மஞ்சள் இல்லாமல் போய் அப்பாவின் காரியம் கெட்டுவிட்டால்? அம்மா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து, உறையைப் புட்டுப்பானையின் ஆவியில் பிடித்தேன். ஒட்டின இடம் இளகிக் கொடுத்தது. சான்றிதழின் நான்கு மூலையிலும் மஞ்சளைத் தொட்டு வைத்தேன். சோற்றுப்பருக்கையால் திரும்ப ஒட்டி, பாதி முத்திரையோடு மற்றப் பாதியைக் கவனமாகப் பொருத்தினேன். அப்பாவின் காரியத்துக்கு நானும் உதவிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அடுத்த நாள் காலை அம்மா யாழ்ப்பாணம் போய் அதை அனுப்பினார்.

ஒன்றரை மாதம் கழித்து அப்பாவின் அழைப்பு வந்தது. தொலைபேசியின் சின்னத் திரையில் அவர் முகம் கறுத்திருந்தது. உறை பிரித்து ஒட்டப்பட்டிருக்கிறது, சான்றிதழில் மஞ்சள் கறை இருக்கிறது, எழுத்தை அழித்து மாற்ற ஏதோ இரசாயனம் பூசியிருக்கலாம் என்று எழுதி, விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்களாம். இனி அவர் விண்ணப்பிக்கவே முடியாதாம்.

"எங்கடை நாட்டுக் கடுதாசி எண்டாலே இஞ்சை சந்தேகம். இப்ப என்னைக் கள்ளனாக்கிப் போட்டாங்கள். உண்மையைச் சொல்லும், நீர் பிரிச்சனீரோ?"

"ஐயோ, நான் தொடவேயில்லை."

"அப்ப மஞ்சள் தானா முளைச்சதோ?"

அம்மா வாயைத் திறந்தவர், பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். பிறகு, "ஓம். நான்தான் பிரிச்சனான்," என்றார்.

"என்ரை வாழ்க்கையிலை மண்ணைப் போட்டிட்டீர்" என்று சொல்லி அப்பா தொடர்பைத் துண்டித்தார்.

அவர் இப்போதும் அந்த ஆலையில்தான் வேலை செய்கிறார். குளிரில் விரல்கள் மடங்காமல் போய்விட்டன. எந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த உறையில் கொண்டுவந்து முடித்து அம்மாவைக் குத்துவார். அம்மா ஒருநாளும் பதில் சொன்னதில்லை, என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதை நினைத்தால் என்மேல் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

ஆனால் அம்மா அப்படிச் சொன்ன அன்றைக்கு எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. எனக்குத் தெரியாமல் அம்மாவும் அந்த உறையைப் பிரித்துப் பார்த்திருக்கிறார் என்றே நம்பினேன். பிழை என்னுடையது மட்டுமில்லை என்ற நிம்மதியில் வீட்டுக்கு முன்னால் இருந்த ஒழுங்கைக்கு விளையாட ஓடினேன்.