விளிம்பு உள்பக்கம்

அனுப்பர்பாளையத்தில் பித்தளைப் பாத்திரம் செய்வது என் தொழில். 1960-களில் ஒருநாள், அதிகாரிகள் தண்டவாளத்தைச் சோதிக்க வரும் காரைத் தூரத்திலிருந்து பார்த்தேன். ரோட்டில் ஓடும் அதே கார்தான். டயருக்குப் பதில் இரும்புச் சக்கரம். அந்த ஆசையில் முழ நீளத்துக்குப் பித்தளையில் ஒன்று செய்து, ஆயுத பூஜையன்று பட்டறையில் வைத்தேன்.

வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள். தினமும் தண்டவாளத்தோடு நடந்து போல்ட் முடுக்கும் கீமேன் மட்டும் குனிந்து பார்த்து, "ஏனுங்க, சக்கரத்து விளிம்பு வெளிப்பக்கமா இருக்குதுங்களே?" என்றார்.

குடமோ அண்டாவோ, விளிம்பை வெளியே மடித்தே பழகிய கை என்னுடையது. "எனக்கே வேலை சொல்லித் தர வந்துட்டீங்களா?" என்று எல்லார் முன்னாலும் எரிந்து விழுந்தேன். அவர் கிளம்பிப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அவரே வந்து, "கார் வந்து நிக்குதுங்க, வாங்க" என்று என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்.

காரைத் திருப்புவதற்காக அதன் வயிற்றுக்கடியில் ஜாக்கி வைத்துத் தூக்கியிருந்தார்கள். கீமேன் ஒற்றைக் கையால் தள்ள, அவ்வளவு பெரிய கார் அப்படியே வட்டமடித்துத் திரும்பியது. இறக்கியதும் கிளம்பியது. டிரைவர் முன்னால் ஸ்டியரிங்கே இல்லை. தண்டவாளத்தின் உள்பக்கம் உரசிக்கொண்டு போன விரல் பருமன் விளிம்புதான் அந்தக் காரை வழிநடத்தியது.

"பார்த்தீங்களா?" என்றுகூட அவர் கேட்கவில்லை. "வெயில் ஏறுதுங்க, ஊட்டுக்குக் கெளம்புங்க" என்றார்.

பத்துப் பேர் முன்னால் நான் அவரை அவமானப்படுத்தினேன். என் தப்பை அவர் எனக்கு மட்டும்தான் காட்டினார். சக்கரங்களை அன்றைக்கே மாற்றிவிட்டேன். அந்தப் பத்துப் பேரிடமும் உண்மையைச் சொல்ல எனக்கு அடுத்த ஆயுத பூஜை வரை ஆனது.