கல் பொறுக்கும் கோழி

ஆர்லோ ஸ்ட்ரௌப் பதினோரு வருடம் சம்பளத்துக்கு பேஸ்பால் ஆடினான். எல்லாம் ஒஹாயோவின் சின்ன ஊர்களில்தான். ஓடுகிறவர்கள் தொட்டுப் போகும் தளங்களில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நின்று பந்தைப் பிடிப்பது அவன் வேலை. அங்கே பந்து தரையோடு தரையாகச் சீறி வரும். வழியில் ஒரு கல் கிடந்தால் போதும், எகிறி மூக்கைப் பெயர்த்துவிடும். அதனால் எந்நேரமும் குனிந்து கல் பொறுக்கிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். ஊரே அவனைக் கோழி என்றது.

"கோழி! இன்னிக்கு எத்தனை முட்டைடா?"

வீட்டில் மனைவி பெர்த்தா வேறு. "ஏங்க, உங்க கால்சட்டையத் துவைக்கிறேனா, ரோடு போடுறேனா?"

1911 ஆகஸ்ட்டில் பெரிய லீக்குக்கு ஆள் எடுக்க ஒருவர் வந்தார். இருந்தது ஒரே இடம். எதிரணியில் ஆர்லோவின் அதே இடத்தில் ஆடிய எம்மெட் டாயலைப் பார்க்கத்தான் வந்தார். எம்மெட்டுக்கு இருபத்தொன்று, ஆர்லோவுக்கு முப்பத்திமூன்று. "ஸ்ட்ரௌப்பையும் பாத்துக்கிறேன்" என்று அவர் சொன்னது காதில் விழுந்ததும் ஆர்லோவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரே ஒரு நாளாவது பெரிய மைதானத்தில் நின்றுவிட வேண்டும் என்று ஏங்கியவன். அந்த ஏக்கத்தில் புத்தி கோணலாகப் போயிற்று.

இரண்டு அணியும் ஒன்பது சுற்று மாறி மாறி மட்டை பிடிக்கும் ஆட்டம் அது. மட்டை பிடிக்கப் போகிறவர்கள் அப்போதெல்லாம் கையுறையைப் புல்லிலேயே போட்டுவிட்டுப் போவார்கள். ஆர்லோ கையுறையைப் போடக் குனிந்த சாக்கில், எம்மெட் வந்து நிற்கும் இடத்துக்கு முன்னால் ஒரு கல்லை வைத்தான். திரும்பி வந்து தான் நிற்பதற்குமுன் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டான். நிற்பது இருவருக்கும் ஒரே இடமாயிற்றே! ஏழு முறை வைத்தான், ஏழு முறை எடுத்தான். பாழாய்ப்போன பந்து ஒருமுறைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

எட்டாம் முறை வைத்துவிட்டுப் போனவன் ஓங்கி ஓர் அடி அடித்தான் பாருங்கள், ஆட்டம் சமமாயிற்று. வந்தவர் நோட்டில் ஏதோ எழுதினார். ஆர்லோவுக்குக் கால் தரையில் பாவவில்லை. கல்லைச் சுத்தமாக மறந்துபோனான்.

அதே கடைசிச் சுற்றில் எதிரணி மட்டை பிடித்தபோது, எம்மெட் இரண்டாம் தளத்தில் ஓடத் தயாராக நின்றான். பந்து நேராக ஆர்லோவிடம் வந்தது. பச்சைக் குழந்தைகூடப் பிடித்திருக்கும். கல்லில் பட்டு எகிறி வாயில் அடித்தது. முன்பல் இரண்டும் போயின; எம்மெட் ஓடி எடுத்த அந்த ஓட்டத்தில் ஆட்டமும் போயிற்று.

முதலில் திரும்பி ஓடி வந்தவனும் எம்மெட்தான். கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தான்.

"என்னண்ணே இது! உங்களப் பாத்துத்தான் நானும் எங்க ஊர்ல தினம் பொறுக்குறேன். இன்னிக்கு நீங்க நிக்கிற இடமாச்சேன்னு நான் கீழயே பாக்கல."

பல் போன வலி ஆர்லோவுக்கு அப்போதுதான் மறந்தது. அவமானத்தில் கண்ணீர் வந்தது. எம்மெட் அதை வலி என்று நினைத்துக் கைக்குட்டையை நீட்டினான்.

இடம் எம்மெட்டுக்குத்தான் கிடைத்தது. ஆர்லோ இன்னும் ஐந்து வருடம் சின்ன ஊர்களிலேயே ஆடினான். கல் எடுத்தானே தவிர, வைக்கவில்லை.

ஒருநாள் பத்திரிகையில் படம் வந்தது. பெரிய மைதானம், பின்னால் ஆயிரக்கணக்கில் கூட்டம், நடுவே எம்மெட் குனிந்து தரையைக் கிளறிக்கொண்டிருந்தான். ஆர்லோ பொக்கை வாய் தெரியச் சிரித்துப் பெர்த்தாவிடம் நீட்டினான்.

அவள் வெகுநேரம் பார்த்தாள். "இவன் கால்சட்டையத் துவைக்கிறவ எவளோ, பாவம்."