‘பால் மறந்தாச்சு’ என்று எழுதியவள்

அத்யேரி பத்தொன்பது வருஷம் எங்கள் ஊரை ஒட்டிய கிபாலே காட்டில் வேலை பார்த்தாள். சிம்பன்சிக் குட்டி எப்போது தாய்ப்பாலை விடுகிறது, விட்ட பிறகு என்னென்ன தின்கிறது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. குட்டிகளின் சாணியைச் சலித்து, உள்ளே இருக்கும் விதைகளை எண்ணுவதும் அதில் சேர்த்தி. இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் ஊரில் யார் நம்புவார்கள்? நானும் அதே வேலைதான் பார்த்தேன். ஆனால் சந்தையில் கேலி முழுவதும் அவளுக்குத்தான் கிடைத்தது.

"அத்யேரி, இன்னைக்கு எத்தன கூடை பீ சலிச்ச?" என்பாள் வாழைக்காய் விற்கிற அபோக்கி.

"உன் புருஷன் சந்தைப் பக்கம் வராததால ஒரு கூடை கொறஞ்சு போச்சு" என்பாள் இவள். சந்தையே சிரிக்கும்.

அவளுக்கு ஒரு கர்வம் உண்டு. ஐந்து பிள்ளை பெற்றவள். ஒரு தாய் உட்காரும் விதத்தை வைத்தே பால் இருக்கிறதா வற்றிவிட்டதா என்று சொல்லிவிடுவேன் என்பாள். சும்மா சொல்லக்கூடாது, பெரும்பாலும் அவள் சொன்னது சரியாகவே இருக்கும். வெளிநாட்டிலிருந்து வந்து ஆராய்ச்சியை நடத்திய மாரிட்கூடக் குட்டி வாய் வைத்தால் முதலில் அத்யேரியைத்தான் திரும்பிப் பார்ப்பாள். "குடிக்குதா, சும்மா வச்சிருக்கா?" என்று கேட்பாள். இவள் குட்டியின் தொண்டை அசைவதைப் பார்த்துப் பதில் சொல்வாள்.

கசானா என்ற பெண்குட்டி பிறந்த வாரத்திலிருந்து அவளைப் பற்றி எழுதியது அத்யேரிதான். தாயின் பெயர் பிருங்கி. அண்ணன் முகிசா அப்போதே வளர்ந்த பயல். கசானாவுக்கு நாலு வயது நெருங்கும்போது வாய் வைக்க வந்தால் பிருங்கி கையைக் குறுக்கே வைத்துத் தள்ளத் தொடங்கினாள். குட்டி தரையில் புரண்டு கத்திய கத்தலில் எனக்கே காது வலித்தது.

"இந்தப் பொம்பளைக்குக் கல் மனசு" என்றேன்.

"நீ பெத்துப் பாரு அராலி, அப்புறம் பேசு. மார்ல கசப்பெலைச் சாறு தடவினா நம்ம புள்ளைங்களும் இப்படித்தான் கத்தும். நாலு நாள் கத்தும், அஞ்சாம் நாள் கஞ்சி கேக்கும்."

அதன் பிறகு மூன்று மாதம் கசானா வாய் வைத்து நாங்கள் பார்க்கவில்லை. அத்திப்பழமும் இளந்தளிரும் தாய்க்குச் சமமாகத் தின்றாள். மூன்று மாதம் பார்க்காவிட்டால் எழுதிவிடலாம் என்பது விதி. அத்யேரி எழுதினாள்: பால் மறந்தாச்சு. நானும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

அந்த மாதமே, காட்டுப்பன்றிக்கு யாரோ கட்டிய கம்பிச் சுருக்கில் பிருங்கியின் கை மாட்டியது. சீழ் வைத்து, ஒன்பதாம் நாள் செத்துப்போனாள். கசானா பிணத்தின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

காட்டில் எது நடந்தாலும் நாங்கள் கை வைக்கக் கூடாது. மனிதன் செய்த கேட்டுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அதனால் மிருக டாக்டர் கூண்டோடு வந்தார். குட்டியைப் பிடித்து, ஏரித் தீவில் அனாதைக் குட்டிகளை வளர்க்கும் இடத்துக்குக் கொண்டுபோகலாம், புட்டிப்பால் கொடுப்பார்கள். ஆனால் போனால் போனதுதான், காட்டுக்குத் திரும்ப முடியாது.

"பால் குடிக்கிற குட்டின்னா இங்க பொழைக்காது, தூக்கிட்டுப் போறேன். மறந்த குட்டின்னா அண்ணங்கிட்ட விட்டுடலாம். எதுன்னு நீங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டர்.

மாரிட் அத்யேரியைப் பார்த்தாள். அத்யேரி ஏட்டைப் புரட்டக்கூட இல்லை.

"மறந்தாச்சு டாக்டர். பழம் திங்குற புள்ளையக் கூண்டுல அடைக்காதீங்க. அண்ணன் பாத்துக்குவான்."

கூண்டு காலியாகத் திரும்பிப் போனது.

முகிசா நன்றாகவே பார்த்துக்கொண்டான். முதுகில் சுமந்தான், பழம் விட்டுக்கொடுத்தான். அந்த வருஷம் அத்தி கொட்டிக் கிடந்தது. கசானா காலையிலிருந்து தின்றாள். தின்றது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை. ஐந்தாவது வாரம் விலா எலும்பு தெரிந்தது. மாரிட் டாக்டருக்கு ஆள் அனுப்பினாள். அவர் வருவதற்குள் கூட்டம் மலைக்கு அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டது. ஏழாவது வாரம் கசானாவை ஒரு மரத்தடியில் கண்டெடுத்தோம். தூக்கியபோது கனமே இல்லை. அத்யேரி அழவில்லை. சாணியை மட்டும் வழக்கம்போலச் சலித்தாள். உள்ளே முழுக்க அத்தி விதை.

புதைத்தோம். ஒன்றரை வருஷம் கழித்து, எலும்பு வேண்டும், தோண்டுங்கள் என்றாள் மாரிட். பல் மரத்தைப் போல அடுக்கடுக்காக வளருமாம். பால் குடித்த நாளும் குடிக்காத நாளும் அதில் படிந்திருக்குமாம்.

"செத்துப் பொதச்சதத் தோண்டுறது எங்க வழக்கத்துல இல்ல. வேற ஆளப் பாருங்க" என்று நான் கத்திவிட்டேன்.

அத்யேரி மண்வெட்டியை எடுத்தாள். "நான் எழுதினது சரியா தப்பான்னு அவகிட்டயே கேட்டுக்கறேன். நீ வீட்டுக்குப் போ."

போக மனம் வரவில்லை. ஒதுங்கி நின்று பார்த்தேன். தாடையை அவளே துணியில் சுற்றினாள்.

எட்டு மாதத்தில், பல்லைச் சோதித்த இடத்திலிருந்து கடிதம் வந்தது. மாரிட் அதை எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் படித்தாள். தாய் செத்த நாள்வரை கசானாவின் பல்லில் பால் இருந்தது.

"பகல்ல குடிக்கல. ராத்திரி மரத்து மேல, படுக்கக் கட்டுற கூட்டுக்குள்ள குடிச்சிருக்கா" என்றாள் மாரிட். "அதுங்க கூட்டுல படுத்ததும் நாம கெளம்பிடறோம். நம்ம யாராலயும் பாத்திருக்க முடியாது. விதியும் நான் போட்டதுதான். இது உன் தப்பு இல்ல அத்யேரி."

எனக்கு மாரிட் மேல்தான் கோபம் வந்தது. இவ்வளவு படித்தவர்களுக்கு இது முன்னாலேயே தோன்றியிருக்கக் கூடாதா? அத்யேரி கோபப்படவில்லை.

"என் கடைசிப் பொண்ணு பொறந்த மூணாம் மாசம் நான் இந்த வேலைக்கு வந்தேன்" என்றாள். "பகல் பூரா மாமியார் கஞ்சி குடுப்பா. ராத்திரி பூரா நான் பால் குடுப்பேன். ரெண்டு வருஷம் அப்படித்தான் வளந்தா. பகல்ல எவனாவது ஏட்டோட என் வாசல்ல வந்து நின்னிருந்தா, பால் மறந்தாச்சுன்னுதான் எழுதிட்டுப் போயிருப்பான்."

"அத்யேரி..." என்றேன்.

"உங்களுக்குத் தெரியாம இருக்கலாம் அராலி. எனக்குத் தெரியாதுன்னு நான் யார்கிட்டப் போய்ச் சொல்லுவேன்?"

மறுநாள் விடிவதற்குள் அவள் வேலைக்கு வந்து நின்றாள். அதன் பிறகு ஆறு வருஷத்தில் எத்தனையோ குட்டிகளை எழுதினாள். ‘பால் மறந்தாச்சு’ என்று ஒன்றுக்கும் எழுதவில்லை. புதிதாக வந்த மாணவர்கள் எவ்வளவு கேட்டும், ‘பகலில் குடிக்கவில்லை’ என்று மட்டுமே எழுதிக் கொடுத்தாள்.