கிழித்து எடுத்த அட்டை

என் கையெழுத்தையும் எழுத்துப் பிழைகளையும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தேன்.

வெளிநாட்டுக்கு வந்து, மோர்டன் என்ற ஊரில் ஒரு பத்திரிகைக் கடையில் வேலை செய்கிறேன். வில் அம்பு வேட்டை பற்றிய மாத இதழொன்றை இரண்டு பேர் வழக்கமாக வாங்குவார்கள். அட்டையில் ஒருவருக்கு ஓவியம் வேண்டும், மற்றவருக்குப் புகைப்படம். ஒரு மாதம் வந்தது ஓவியம். வேட்டைக்குப் போனவன் திரும்பி வருவதை மனைவி வாசலில் நின்று பார்க்கிறாள். என் மனைவி யாழ்ப்பாணத்தில் இருக்கிறாள். புகைப்படம் விரும்புகிறவருக்கு இது பிடிக்காதுதானே என்று நினைத்து, அவருடைய இதழின் அட்டையைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

அவர் வந்து அட்டை எங்கே என்று கேட்டார். எடுத்து நீட்டினேன். சிரித்துவிட்டு, அதை என்னிடமே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

"உமக்கென்ன விசரே? வாயைத் திறந்து கேட்டிருந்தா முதலே தந்திருப்பார்!" என்று பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்து முதலாளி ஏசினார்.

இப்போது கேட்கப் பழகுகிறேன். மறுத்துவிடுவாளோ என்று ஆறு வருடமாகக் கேட்காததை மனைவிக்கும் எழுதிவிட்டேன்: "நீர் இஞ்சை வாரும்." பதில் இன்னும் வரவில்லை.

3 மார்ச் 1991